பேக்கப் எடுத்தாச்சான்னு கேட்காதீங்க, திறந்து பார்த்தாச்சான்னு கேளுங்க

ஆலயக் கமிட்டியில இருக்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், ஆபிஸ்ல உட்கார்ந்து ரசீது அடிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. பிரயோஜனமா இருந்தா உங்க ஆலய வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு முடிஞ்சது. தீபாவளிக்குச் சரியா ஆறு நாள் முன்னாடி. அதிலிருந்து நம்ம பக்கத்து ஆலயங்கள்ல ஒரே வேலை: பழைய கம்ப்யூட்டரைத் துடைச்சு விண்டோஸ் 11 போடறது. 2026 பிப்ரவரி 1 தைப்பூசத்துக்குள்ள முடிச்சிடணும்னு அவசரம் வேற இருந்தது. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிஞ்ச தொண்டர்னு எனக்கும் போன் வரும். பேசறவங்க மாறுவாங்க, பேச்சு மாறாது: "அண்ணே, பேக்கப் எடுத்துட்டுதான் ஃபார்மட் பண்ணோம். இப்ப ஒண்ணும் திறக்க மாட்டேங்குது."

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இது கம்ப்யூட்டர் பிரச்சினைன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். பாதிக்கு மேல நிர்வாகப் பிரச்சினை. ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணி வச்சதை வேறொருத்தர் வேறொரு கம்ப்யூட்டர்ல திறந்து பார்க்காத வரைக்கும் அதைப் பேக்கப்னு கமிட்டி ஒத்துக்கவே கூடாது. அந்த டிஸ்க்கைத் திறக்கிற பாஸ்வேர்ட் ஒரு தம்பியோட போன்ல மட்டும் இருந்தா, அது ஆலயத்தோட பேக்கப்பே இல்ல, அந்தத் தம்பியோட பேக்கப்.

அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. நவராத்திரி மூணாம் நாள் உபயம் எந்தக் குடும்பத்தோடது. பால்குட ரசீது எத்தனை போச்சு. அன்னதானத்துக்கு யார் எத்தனை மூட்டை அரிசி கொடுத்தாங்க. கும்பாபிஷேகத் திருப்பணிக்கு மாசம் 10 வெள்ளி கட்டி வர்ற பாட்டி இதுவரைக்கும் எவ்வளவு கட்டியிருக்காங்க. ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய கணக்கும் அதுலதான் இருக்கு. பதிவிலாகாவுக்குக் கடிதம் எழுதி எப்படியாவது சமாளிக்கலாம். அந்தப் பாட்டிகிட்ட போய் "சிஸ்டம் போயிடுச்சு பாட்டி"ன்னு எந்த முகத்தோட சொல்றது? ரசீதைக்கூடச் சரியா பார்க்காம, நம்மள நம்பி கொடுத்துட்டுப் போனவங்க அவங்க.

சரி, ஏற்கெனவே ஃபார்மட் பண்ணி மாட்டிக்கிட்டவங்களுக்கு முதல்ல வழி சொல்றேன். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.

முதல் வேலை, எந்த வேலையும் செய்யாம இருக்கிறது. ஃபைல் காணோம்னதும் ஆளாளுக்கு ஒரு புரோகிராம் டவுன்லோட் பண்ணி அதே கம்ப்யூட்டர்ல போடுவாங்க. அழிஞ்ச ஃபைல் இருந்த இடத்து மேலயே புது ஃபைல் உட்கார்ந்துக்கும். எஸ்எஸ்டி டிஸ்க்கா இருந்தா, அழிச்சது பெரும்பாலும் கொஞ்ச நேரத்துலயே நிரந்தரமா போயிடும். அதனால பேக்கப் டிஸ்க்கைக் கழட்டி வைங்க. யாராவது அதையும் "சரி பண்றேன்"னு ஃபார்மட் பண்ணிடப் போறாங்க. அந்தக் கூத்தும் நடந்திருக்கு.

அடுத்து, சி டிரைவுக்குள்ள "விண்டோஸ் டாட் ஓல்ட்"னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. டிஸ்க்கை முழுசா துடைக்காம மேலயே புது விண்டோஸ் போட்டிருந்தா, பழைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் அதுக்குள்ள யூசர்ஸ் ஃபோல்டர்ல அப்படியே கிடக்கும். உடனே வேற டிஸ்க்குக்கு எடுத்துடுங்க. புது விண்டோஸுக்கு மாறினா பத்து நாள்ல அதைத் தானா அழிச்சிடும். "திருவிழா முடியட்டும், அப்புறம் பார்ப்போம்"னு விட்டா போச்சு.

இனி நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற கோளாறுகள்.

1. ஃபோல்டர் தெரியுது, உள்ள விட மாட்டேங்குது. "அனுமதி இல்லை"ன்னு வரும். பழைய விண்டோஸ்லயும் பயனர் பேரு அட்மின், புதுசுலயும் அட்மின், அப்புறம் என்ன? விண்டோஸ் பேரைப் பார்க்கிறதில்ல, உள்ள இருக்கிற ஒரு நீள எண்ணைப் பார்க்குது. நம்ம ஊர்ல முனியாண்டிங்கற பேர்ல பத்து பேர் இருந்தாலும் ஐசி நம்பர் வேற வேறதானே, அது மாதிரி. புதுசா விண்டோஸ் போட்டதும் புது ஐசி. பழைய ஃபோல்டர் பழைய ஐசிக்குச் சொந்தம். நிர்வாகி கணக்குல இருந்து "கன்டினியூ" அமுக்கினா பெரும்பாலும் திறந்துடும். இல்லன்னா ஃபோல்டர் மேல வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் போய் உரிமையாளரை மாத்தணும். ஃபைல் கெட்டுப் போகல, பயப்படாதீங்க.

2. ஃபைல் இருக்கு, ஆனா புதுசா போட்ட விண்டோஸ் அதை பேக்கப்னே ஏத்துக்கல. ஃபைல் ஹிஸ்டரி பயன்படுத்தியவங்களுக்கு இது வரும். புது விண்டோஸ்ல கம்ப்யூட்டர் பேரு மாறியிருக்கும், அதனால "இது யாரோ வேற ஆளோடது"ன்னு ஒதுக்கிடுது. கன்ட்ரோல் பேனல்ல ஃபைல் ஹிஸ்டரி போய் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது, பழைய பேக்கப்பைப் பயன்படுத்தட்டுமான்னு ஒரு கட்டம் காட்டும். அதை டிக் பண்ணுங்க. அதுவும் வரலன்னா டிஸ்க்கை நேரா திறந்து, ஃபைல் ஹிஸ்டரி ஃபோல்டருக்குள்ள பயனர் பேரு, கம்ப்யூட்டர் பேரு, டேட்டான்னு இறங்கிப் போனா ஃபைல் எல்லாம் கிடக்கும். ஒவ்வொரு பேருக்குப் பின்னாலயும் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். ஒரே ஃபைல் இருபது தடவை தெரிஞ்சா குழம்பாதீங்க, தேதி பார்த்துக் கடைசியை எடுங்க.

முழு டிஸ்க்கையும் "சிஸ்டம் இமேஜ்"ஆ எடுத்து வச்சிருந்தா, அதை அப்படியே புதுசு மேல ஏத்திடாதீங்க. அதுக்குள்ள இருக்கிற பெரிய ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா தனி டிரைவ் மாதிரி திறக்கும். வேண்டியதை மட்டும் காப்பி பண்ணிக்கலாம்.

3. பேக்கப் எடுத்ததா சொல்றாங்க, ஆனா டிஸ்க்ல ஒண்ணுமே இல்ல. இதுல ரெண்டு வகை. ஒண்ணு, டெஸ்க்டாப்ல இருந்த படத்தை இழுத்துப் போட்டிருப்பாங்க. மூலையில சின்ன அம்புக்குறி இருக்கிற படம் ஃபைல் இல்ல, ஃபைலுக்கு வழிகாட்டுற பலகை. பலகையைத் தூக்கிட்டுப் போனா வீடு கூட வராது. ஃபைலோட அளவு ஒண்ணு ரெண்டு கேபின்னு காட்டினா சந்தேகப்படுங்க. ரெண்டாவது, ரசீது புரோகிராம், கணக்கு புரோகிராம். நாம டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி பண்ணியிருப்போம். ஆனா பல புரோகிராம்கள் தன்னோட தரவை அங்க வைக்கிறதில்ல. சி டிரைவ்ல தன் சொந்த ஃபோல்டர்லயோ, புரோகிராம் டேட்டான்னு மறைஞ்சு இருக்கிற ஃபோல்டர்லயோ வச்சிருக்கும். ஃபைல் ஹிஸ்டரியும் தானா அந்தப் பக்கம் போகாது. புரோகிராமுக்குள்ளயே பேக்கப் பட்டன் இருக்கும். ஃபார்மட்டுக்கு முன்னாடி அதைத்தான் அமுக்கணும்.

4. ஒன்டிரைவ் காலியா இருக்கு. பழைய விண்டோஸ்ல டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் தெரியாமலே ஒன்டிரைவுக்கு மாறியிருக்கும். எந்த ஈமெயில்ல பழசு இருந்ததோ அதே ஈமெயில்ல நுழைஞ்சாதான் ஃபைல் வரும். வேற ஈமெயில்ல நுழைஞ்சா காலி வீடுதான் தெரியும். இலவசமா கிடைக்கிறது 5 ஜிபி மட்டும். அது நிறைஞ்சிருந்தா அதுக்குப் பிறகு ஒண்ணும் மேல ஏறியிருக்காது. இன்னொண்ணு, ஒன்டிரைவ் பெட்டகம் மாதிரி இல்ல, கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் அழிச்சா அந்தப் பக்கமும் அழியும். தனிப்பட்ட கணக்குல குப்பைத்தொட்டி 30 நாள் வச்சிருக்கும். வெப்சைட்ல போய் முதல்ல அதைப் பாருங்க.

5. தமிழ் எல்லாம் கிறுக்கலா தெரியுது. நம்ம ஆலயங்கள்ல இது ரொம்ப சகஜம். பழைய உபயப் பட்டியல், அழைப்பிதழ் எல்லாம் பாமினியிலயோ பழைய முரசு அஞ்சல் எழுத்துருவிலயோ அடிச்சிருப்பாங்க. முரசு அஞ்சல், நம்ம நாட்டு முத்து நெடுமாறன் 1985-லயே உருவாக்கினது, எத்தனையோ ஆலய நோட்டீஸ் அதுல அச்சாகியிருக்கு. இந்தப் பழைய எழுத்துருக்கள்ல ஃபைலுக்குள்ள இருக்கிறது உண்மையில தமிழ் எழுத்து இல்ல. ஆங்கில எழுத்துக்கும் மத்த குறிகளுக்கும் தமிழ் உருவத்தை மாட்டி வச்சிருக்காங்க. ஃபார்மட் பண்ணினதும் அந்த எழுத்துரு போயிடும், உடனே "மீனாட்சி"ங்கற இடத்துல அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமா நிக்கும். ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அழிச்சிடாதீங்க! பழைய எழுத்துருவைத் திரும்பப் போட்டா அப்படியே வரும். அதோட நிக்காம யூனிகோடுக்கு மாத்தி வச்சிடுங்க, இணையத்துல இலவச மாற்றிகள் இருக்கு. ஐசி நம்பர், போன் நம்பர் இருக்கிற பட்டியலை மட்டும் அப்படியே அங்க ஒட்டாதீங்க, பேரை மட்டும் மாத்துங்க.

6. கடைசியா, ரொம்ப மோசமானது. 48 இலக்கம்.

போன வருஷக் கடைசியில ஓர் ஆலயத்துல இருந்து கூப்பிட்டாங்க. லேப்டாப்புக்குப் புது விண்டோஸ் போட்டிருக்காங்க. சி டிரைவை மட்டும் துடைச்சு, தரவு இருந்த டி டிரைவைத் தொடாம விட்டிருக்காங்க. நியாயமான முடிவுதான். ஆனா புது விண்டோஸ்ல டி டிரைவைத் திறந்தா பூட்டுப் படம் போட்டு 48 இலக்க ரிகவரி கீ கேட்குது. லேப்டாப் வாங்கின காலத்துலயே என்கிரிப்ஷன் தானா ஓடியிருக்கு, யாருக்கும் தெரியல. பழைய விண்டோஸ் இருந்த வரைக்கும் அதுவே திறந்து கொடுத்துக்கிட்டு இருந்தது. அது போனதும் சாவியும் போச்சு.

அந்தச் சாவி எங்க இருக்கும்? லேப்டாப்பை முதன்முதல்ல எந்த மைக்ரோசாஃப்ட் கணக்குல தொடங்கினாங்களோ அங்க. அது அப்போ ஆபிஸ்ல தொண்டு செஞ்ச ஒரு தம்பியோட சொந்தக் கணக்கு. தம்பி இப்ப சிங்கப்பூர்ல வேலை, போன் நம்பரும் மாறிடுச்சு. அவங்க அக்காவைப் பிடிச்சு, அக்கா மூலமா அவரைப் பிடிச்சு, அவர் வேலை முடிஞ்சு வந்து கணக்குக்குள்ள தேடி, திரையில காட்டுற கீ ஐடியோட ஒத்துப் பார்த்து, 48 இலக்கத்தையும் அனுப்பினப்போ மூணாவது நாள் ராத்திரி. அத்தனையும் கிடைச்சது. அந்தத் தம்பி நல்ல பிள்ளை. ஒருவேளை மனஸ்தாபத்துல விலகிப் போனவரா இருந்திருந்தா? இல்ல அந்தக் கணக்கையே மூடியிருந்தா? அந்தச் சாவி இல்லாம டி டிரைவைத் திறக்க எந்தக் கடைக்காரராலயும் முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலயும் முடியாது. பதினஞ்சு வருஷ ஆலயக் கணக்கு ஒரு குடும்பத்தோட போன் நம்பர்ல தொங்கிக்கிட்டு இருந்திருக்கு.

இது இனிமே அதிகமாகும். விண்டோஸ் 11-ல 24எச்2 பதிப்புல இருந்து, புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சா நிறைய கம்ப்யூட்டர்கள்ல இந்த என்கிரிப்ஷன் தானா இயங்க ஆரம்பிச்சிடுது. திருட்டுப் போனா பாதுகாப்பு, அதை நான் குறை சொல்லல. யாரோட கணக்குல தொடங்கறோம்கிறதுதான் என் கேள்வி.

இப்ப நான் வழக்கமா கேட்கிற மூணு பதிலுக்கு வர்றேன்.

"எல்லாம் கூகல் டிரைவ்ல இருக்குண்ணே." இருக்கட்டும், நல்லது. யாரோட கூகல்? பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும்? சரிபார்ப்பு எஸ்எம்எஸ் யார் போனுக்கு வருது? ரெண்டு வருஷம் யாரும் தொடாத தனிப்பட்ட கணக்கை கூகல் அழிக்கலாம், அது அவங்க அறிவிச்ச விதி. முன்னாள் செயலாளர் பேர்ல தொடங்கி மறந்து போன கணக்கு எத்தனை ஆலயத்துக்கு இருக்கோ!

"நம்ம தம்பி பார்த்துக்குவான்." இந்த வார்த்தையில ஒரு அன்பு இருக்கு, எனக்குப் புரியுது. ஆனா இது தம்பிக்கே செய்யற அநியாயம். சம்பளம் இல்லாம வர்ற பிள்ளை. அவன் தலையில மொத்த ஆலயக் கணக்கையும் வச்சுட்டு, ஒரு நாள் ஏதாவது ஆனா "நீதானே பார்த்துக்கிட்ட"ன்னு கேட்போம். அப்படிக் கேட்டதால ஆலயத்துப் பக்கமே வராம போன இளைஞர்களை நான் பார்த்திருக்கேன். ஆலய நகையை ஒருத்தர் கையில மட்டும் கொடுத்து வைப்போமா? பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையெழுத்து. இதுக்கு மட்டும் ஏன் வேற நியாயம்?

"நோட்டுப் புத்தகம் இருந்தப்போ இந்தத் தொல்லையே இல்ல." பெரியவங்க சொல்ற இதுல பாதி உண்மை இருக்கு, நான் ஒத்துக்கறேன். நாற்பது வருஷத்துக்கு முந்தின உபயப் பேரேட்டை இன்னிக்கும் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாம படிக்கலாம். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை உபயப் பட்டியலையும் திருப்பணி நன்கொடைப் பட்டியலையும் தாள்ல அச்சடிச்சு, பொருளாளரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, கட்டி வைங்கன்னு சொல்றேன். ஆனா தாளுக்குக் கரையானும் வெள்ளமும் இருக்கு. 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் தண்ணி எந்த உயரத்துக்கு வந்துச்சுன்னு இங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தாளும் வேணும், டிஸ்க்கும் வேணும்.

என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒண்ணும் இல்ல.

ஆலயத்து பேர்லயே ஒரு ஈமெயில் கணக்கு தொடங்குங்க. விண்டோஸ், ஒன்டிரைவ், கூகல் எல்லாம் அதுலதான். பாஸ்வேர்டும் 48 இலக்க ரிகவரி கீயும் தாள்ல அச்சடிச்சு, உறையில போட்டு ஒட்டி, நகைப் பெட்டகத்துக்குள்ள வைங்க. கமிட்டி மாறும்போது சாவிக்கொத்தோட இந்த உறையையும் ஒப்படைச்சு, பாஸ்வேர்டை மாத்தி, கூட்டக் குறிப்புல எழுதுங்க.

ரெண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. ஒண்ணு ஆலயத்துல, ஒண்ணு வேற இடத்துல. கம்ப்யூட்டர் மேசை இழுப்பறையிலயே பேக்கப் டிஸ்க்கை வச்சா, தண்ணியோ திருடனோ ரெண்டையும் சேர்த்துத்தான் கொண்டு போவாங்க. வேலை முடிஞ்சதும் டிஸ்க்கைக் கழட்டிடுங்க. சொருகியே வச்சிருந்தா, மிரட்டிக் காசு கேட்கிற வைரஸ் வந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும். வெளியில வைக்கிற டிஸ்க்ல பக்தர்களோட ஐசி நம்பர் இருக்கும், அதனால பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி, அந்தப் பாஸ்வேர்டும் அதே உறைக்குள்ள போகட்டும்.

முக்கியமானது இதுதான். வருஷத்துக்கு ரெண்டு தடவை, பேக்கப் எடுத்தவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். இன்னொருத்தர், வேற லேப்டாப்ல, அந்த டிஸ்க்கைச் சொருகி மூணு ஃபைல் திறந்து காட்டணும்: போன வருஷ நவராத்திரி உபயப் பட்டியல், ரசீது புரோகிராமோட தரவு, பாமினியில அடிச்ச ஒரு பழைய கடிதம். மூணும் சரியா தெரிஞ்சா "சரிபார்க்கப்பட்டது"ன்னு தேதி போட்டு எழுதுங்க. ஒண்ணு தெரியலன்னாலும் அன்னிக்கு ஃபார்மட் கிடையாது, கடைக்காரர் வாசல்ல வந்து காத்துக்கிட்டு நின்னாலும் சரி. அரை மணி நேர வேலை.

கடைக்கு அனுப்பறதா இருந்தாலும் இதே விதிதான். "பேக்கப் பண்ணியாச்சு"ன்னு கடையில சொல்றதை அப்படியே நம்பாதீங்க. அவங்களைச் சந்தேகப்படச் சொல்லல. உங்க ரசீது புரோகிராம் எங்க தரவு வைக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நமக்குத்தான் தெரியணும்.

இதைப் படிக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்வேர்டை நாம மட்டும் வச்சிருந்தா நமக்கு ஒரு மரியாதை இருக்கிற மாதிரி தோணும், நம்மள விட்டா ஆள் இல்லன்னு. அந்த எண்ணம் வேணாம் தம்பி. நீங்க மேல்படிப்புக்கோ வேலைக்கோ போற அன்னிக்கு, உங்களைக் கூப்பிடாமலே ஆலய ஆபிஸ் ஓடணும். அப்படி ஓடினா அதுதான் நீங்க செஞ்ச தொண்டு.

கமிட்டி பெரியவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துல "இதர விஷயங்கள்" வரும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. நம்ம பேக்கப்பைக் கடைசியா யார், எந்தத் தேதியில திறந்து பார்த்தாங்க? அந்த 48 இலக்கம் எங்க இருக்கு? பதில் வரலன்னா யாரையும் திட்ட வேணாம். அந்த வாரமே ஒரு டிஸ்க் வாங்கி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து செஞ்சுடுங்க.

உங்க ஆலயத்துல இதை வேற விதமா நல்லா செய்றீங்கன்னா கீழ எழுதுங்க, நாங்களும் கத்துக்கறோம். ஃபார்மட் பண்ணி மாட்டிக்கிட்டு நிக்கிறவங்க, டிஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு எழுதுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.